உதறும் மேசை

அந்தப் பதினொரு நாளில் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு எவ்வளவு ஈயம் போயிருக்கும், அதனால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று காவல் ஆய்வாளர் முதல் கேள்வியாகக் கேட்டார். எனக்குத் தெரியாது. தாயின் இரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய அதே அளவில் பிள்ளைக்கும் போகும் என்பது தெரியும். அது இந்த ஒரு பிள்ளையின் உயரத்தில் எத்தனை விரற்கடையைக் குறைக்கும், படிப்பில் எதை எடுத்துக்கொள்ளும் என்று இரசாயனம் படித்த யாராலும் சொல்ல முடியாது. கீழே எங்காவது அந்தப் பதில் வரும் என்று எண்ணி யாரும் படிக்கக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தெட்டு. பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். தனியாக வசிக்கிறேன். வண்டிகளுக்கான பேட்டரி செய்யும் ஆலையில் பதினாறு ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பிரிவில் கெமிஸ்டாக இருக்கிறேன். ஆலையின் சலவை அறையைப் பூட்டிச் சாவிகளை எடுத்துச் சென்றேன் என்று மேலாளர் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். பூட்டியது நான்தான். சாவிகள் இரண்டையும் இன்று காலை ஆய்வாளர் மேசையில் வைத்துவிட்டேன்.

ஈயத் தகடுகளை அடுக்கும் பிரிவில் இருப்பவர்களிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, நூறு மில்லி இரத்தத்தில் முப்பது மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் அவர்களை வேறு வேலைக்கு மாற்றச் சொல்வது என் பொறுப்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கருவுற்ற பெண்கள் எந்த அளவிலும் தகட்டுப் பிரிவில் இருக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். "வேற எங்க போடறது, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் ஆலை முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சலவை அறையைக் காட்டினேன். தொழிலாளர்களின் சட்டை, கால்சட்டைகள் அப்போது அங்கே தொட்டியில் ஊறவைத்துக் கையால் துவைக்கப்பட்டன. தரை, சுவர், மேசை மூன்றிலும் துடைத்தெடுத்த மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பெயருக்குக்கூட ஈயம் இல்லை என்று முடிவு வந்தது. அன்றிலிருந்து கருவுற்ற பெண்கள் எல்லாரும் என் கையெழுத்தின் பேரில் சலவை அறைக்கு மாற்றப்பட்டார்கள். பெண்கள் அந்த அறைக்குத் தாய்வீடு என்று பெயர் வைத்தார்கள். "என்னடி, தாய்வீட்டுக்குப் போறியாமே" என்று ஒருத்தி கேட்டால் மற்றவள் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. சலவை அறை ஈயப் பிரிவு அல்ல என்பதால் அங்கே இருப்பவர்களிடம் இரத்தம் எடுக்கத் தேவையில்லை என்ற விதியையும் நான்தான் எழுதினேன்.

சென்ற வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, ஆலைக்குப் பின்புறத் தெருவில் உள்ள ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியை என்னைப் பார்க்க வந்தார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. கையில் பிள்ளைகளின் உயரமும் எடையும் குறித்த ஒரு நோட்டு வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காராமல் நோட்டை என் மேசையில் விரித்து, சிவப்பு மையில் கோடு போட்ட ஏழு பெயர்களைக் காட்டினார். கடந்த மூன்று ஆண்டுகளில் அவரிடம் வந்த பிள்ளைகளில் இந்த ஏழு பேரும் வயதுக்கு வளரவில்லை, சொல்வது மனத்தில் நிற்கவில்லை, கண்ணும் காதும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார், ஏழு பேரின் தாய்மாரும் பேட்டரி ஆலையில் வேலை செய்பவர்கள் என்றார்.

"இந்தத் தெருவுல பாதிப் பேர் இங்கதான் வேலை செய்யறாங்க டீச்சர்" என்றேன்.

"அது எனக்கும் தெரியும் மேடம். மத்த பாதிப் பிள்ளைங்க நல்லாத்தான் படிக்குதுங்க. இந்த ஏழு பேரோட அம்மாவையும் தனித்தனியா கூப்பிட்டுக் கேட்டேன். ஏழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னாங்க. இவன் வயித்துல இருக்கறப்ப தாய்வீட்டுல இருந்தேன், இவ வயித்துல இருக்கறப்ப தாய்வீட்டுல இருந்தேன்னு. எனக்கு முதல்ல புரியல. பொறந்த வீட்டைச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

அதன் பிறகு நான் அவரிடம் ஏழு என்பது சிறிய எண் என்றும், சாப்பாடு போதாததும் குறைமாதப் பிரசவமும் இதே போன்ற விளைவைத் தரும் என்றும், தேடிப் போனால் எந்த ஏழு பேருக்கும் பொதுவாக ஏதாவது ஒன்று கிடைக்கும் என்றும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நீங்க படிச்சவங்க, சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா இதுல அஞ்சு பேரோட அண்ணன் அக்காவுக்கும் நான்தான் பாடம் சொன்னேன். அதே வீடு, அதே சோறு, அதே அடி உதை. அவங்க எல்லாம் படிச்சாங்களே" என்றார்.

மற்ற இருவரும் தலைப்பிள்ளைகள் என்பதால் ஒப்பிட யாரும் இல்லை. அந்த இருவரில் ஒரு பெண் பிள்ளையின் பெயரைத் தொட்டுக் காட்டி, "இவளுக்கு ஆறு வயசு. நாலு வயசுப் பிள்ளைங்களோட நிறுத்தினாலும் குட்டையாத்தான் தெரியறா. காலையில 'அ' எழுதறா, நல்லாவே எழுதறா. மணி அடிச்சு வெளிய போயிட்டு வந்து அதைக் காட்டினா, யாரோ எழுதின மாதிரி பாக்கறா. அழறதுகூட இல்ல. சிரிக்கறா. இவ அம்மாதான் இப்ப மறுபடியும் மாசமா இருக்காளாம்" என்றார்.

அந்தத் தாய் யார் என்று எனக்குத் தெரியும். தகட்டுப் பிரிவில் வேலை செய்பவர், இருபத்தேழு வயது, சிரித்தால் மூன்று அறை தள்ளிக் கேட்கும் என்பதால் எல்லாரும் அவரைப் பட்டாசு என்றே அழைப்பார்கள். கருவுற்றிருப்பதை அவர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அவரைத் திங்கட்கிழமை முதல் சலவை அறைக்கு மாற்றும் தாள் அப்போது ஆசிரியையின் நோட்டுக்கு அடியில் என் மேசை மேலேயே இருந்தது. அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதை நான் ஆசிரியையிடம் சொல்லவில்லை. விசாரிக்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். அவர் போன பிறகு தாளை எடுத்தேன். மாற்றாவிட்டால் பட்டாசு தகட்டுப் பிரிவிலேயே இருப்பார். அங்கே ஈயம் இருப்பது அளந்து தெரிந்த விஷயம். சலவை அறையில் இருப்பதாக ஒரு பள்ளிக்கூட நோட்டு சொல்கிறது. நான் கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளர் சொல்லும் பதினொரு நாள் அந்தக் கையெழுத்திலிருந்து தொடங்குகிறது. அதில் வேலை நாள் எட்டு.

திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்குச் சலவை அறைக்குப் போனேன். காலையில் தகட்டுப் பிரிவில் காற்று அளவு பார்க்கும் வேலை இருப்பதால் நான் எப்போதும் மாலையில்தான் அங்கே போவது வழக்கம். தரை கழுவி ஈரமாக இருந்தது, சோப்பு வாசனை வந்தது, தேய்த்து மடித்த சட்டைகள் அடுக்கில் இருந்தன. அறைக்குப் பொறுப்பான மூத்த தொழிலாளியை அங்கே பெரியக்கா என்பார்கள். நான் விரலால் மேசையைத் தடவிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன மேடம் தேடறீங்க?"

"தூள் இருக்கான்னு பாக்கறேன்."

"நீங்க எப்பவும் வீட்டைக் கழுவி முடிச்சப்புறம்தானே விருந்துக்கு வர்றீங்க. காலையில ஏழு மணிக்கு வந்து பாருங்க, தூள் எங்க இருக்குன்னு தெரியும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். முந்தைய நாளின் அழுக்குத் துணிகள் இருபது மூட்டைகளாகச் சுவரோரம் கிடந்தன. அறை நடுவில் நீளமான ஒரு மேசை. மேசையின் இரு பக்கமும் பெண்கள் எதிரெதிராக நின்று, ஒரு சட்டையின் இரண்டு நுனியை ஒருவரும் மற்ற இரண்டு நுனியை இன்னொருவரும் பிடித்து, இரண்டு முறை ஓங்கி உதறி, பைகளை வெளியே இழுத்துத் தட்டி, அதன் பிறகு இயந்திரத்தின் பக்கம் எறிந்தார்கள். கிழக்குச் சன்னல் வழியாக வெயில் வந்தது. மேசைக்கு மேலே தூள் கீழே இறங்காமல் நின்றது. பட்டாசு வயிற்றை மேசை விளிம்பில் சாய்த்து நின்றிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "மேடம் வந்திருக்காங்க, தூள் கிளப்புங்கடி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் இருமினார்.

ஏன் உதறுகிறீர்கள் என்று பெரியக்காவிடம் கேட்டேன். இயந்திரம் வந்த புதிதில் துணியை அப்படியே போட்டபோது தூளும் சோப்பும் சேர்ந்து வடிகட்டியில் களிமண் போல் இறுகி இரண்டு முறை இயந்திரம் நின்றுபோனது என்றும், ஃபிட்டர் வந்து உதறிவிட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றும், அன்று முதல் உதறுவதாகவும் சொன்னார். இயந்திரம் எப்போது வந்தது என்று கேட்டேன். எட்டு ஆண்டு ஆகிறது என்றார். நான் அலுவலகத்துக்குத் திரும்பி, ஆசிரியையின் நோட்டிலிருந்து எழுதி வைத்திருந்த ஏழு பிறந்த தேதிகளையும் பார்த்தேன். எந்தப் பிள்ளைக்கும் எட்டு வயது ஆகவில்லை. ஐந்து அண்ணன் அக்காமாரும் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று அன்று மாலை ஆசிரியை தொலைபேசியில் சொன்னார். அவர்களில் மூன்று பேரின் தாய்மார் அப்போதும் சலவை அறையில்தான் இருந்திருக்கிறார்கள். அப்போது துணி தொட்டியில் ஊறியது.

இந்த இடத்தில் எழுத்தர் விஷத்தூள் என்று எழுதியதை ஈயத்தூள் என்று திருத்தச் சொன்னேன். திருத்திவிட்டார்.

கண்ணால் பார்த்த பிறகும் ஏன் ஒரு வாரம் ஆனது என்று ஆய்வாளர் கேட்டார். நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். அதே செவ்வாய்க்கிழமை காலை மேசைக்கு அருகே காற்றை இழுத்து வடிதாளில் சேர்க்கும் சிறு பம்ப் ஒன்றை வைத்தேன். ஆலை நர்ஸை அழைத்துச் சலவை அறையின் ஆறு பேரிடமும் இரத்தம் எடுத்து அனுப்பினேன். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதன் பிறகு, உதறாமல் முதலில் நனைத்துப் போடுங்கள் என்று பெரியக்காவிடம் சொன்னேன். புதன்கிழமை அப்படியே செய்தார்கள். மதியம் இயந்திரம் நின்றுவிட்டது. ஃபிட்டர் வடிகட்டியைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், யாரு இது புதுசா ஞானம் சொன்னது?" என்று அறை வாசலில் சத்தம் போட்டார். நான் என்று சொன்னேன். வியாழக்கிழமை முதல் மறுபடி உதறச் சொல்லி மேலாளர் உத்தரவு போட்டார்.

அதன் பிறகு தகட்டுப் பிரிவிலிருந்து ஆறு முகமூடிகள் கொண்டுவந்து கொடுத்தேன். மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள். பட்டாசு அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழுத்தில் இறக்கிக்கொண்டார். "ரெண்டு பேருக்கு மூச்சு விடணும் மேடம், இது ஒரு ஆளுக்கே பத்தல" என்றார். அவரை இஸ்திரி போடும் பக்கம் நிறுத்தும்படி பெரியக்காவிடம் கேட்டேன். நிறுத்தினார். இஸ்திரி மேசை அதே அறையில் பத்தடி தள்ளி இருக்கிறது. பத்தடியில் காற்று எவ்வளவு மாறும் என்று நான் அளக்கவில்லை. இருந்த ஒரே பம்ப் உதறும் மேசை அருகில் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் முடிவு வரட்டும் என்றுதான் இருந்தேன். எண் இல்லாமல் பேசுபவர்களை நான் என் வேலையில் என்றும் நம்பியதில்லை.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முடிவு வந்தது. தகட்டுப் பிரிவில் இந்த ஆண்டு நாங்கள் பார்த்த அளவு பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரை. சலவை அறையில் நிரந்தரமாக உள்ள ஐந்து பேருக்கும் முப்பத்தெட்டு முதல் ஐம்பத்தேழு வரை இருந்தது. ஐம்பத்தேழு பெரியக்காவுடையது. பட்டாசுக்கு இருபத்து மூன்று. ஆனால் அவரிடம் இரத்தம் எடுத்தது அவர் அங்கே போன இரண்டாம் நாள். அதனால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அன்றே நர்ஸ் மறுபடியும் அவரிடம் இரத்தம் எடுத்தார். அதன் முடிவு இன்னும் வரவில்லை. காற்றில் இருந்த ஈயம் தகட்டுப் பிரிவைப்போல் நான்கு மடங்கு.

தாள்களை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தார். அவர் அவசரப்பட்டுப் பேசுகிறவர் அல்ல.

"இது ஒரு தடவை எடுத்ததுதானே மேடம்?"

"ஆமாம்."

"ஒரு மாதிரியை வச்சு முடிவுக்கு வரக்கூடாதுன்னு போன வருஷம் தண்ணி விஷயத்துல என்னை உக்கார வச்சுப் பாடம் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"நான் அந்தப் பாடத்தை மறக்கல. இன்னொரு தடவை எடுங்க. ரெண்டும் ஒத்து வந்தா நானே போய்க் கதவைச் சாத்தறேன்."

இன்னொரு முறை எடுத்தால் இன்னும் ஒரு வாரம் ஆகும், அதுவரை அந்த ஒரு பெண்ணையாவது வெளியே எடுங்கள் என்றேன்.

"எங்க போடறது? மறுபடி தகட்டுக்கா? ஒருத்தியை மட்டும் எடுத்தா மத்தவங்க ஏன்னு கேக்க மாட்டாங்களா? பன்னெண்டு வருஷமா அங்க போய் வந்தவங்க அத்தனை பேரும் கேப்பாங்க. எத்தனை பேர்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். எல்லா மாற்றல் தாளும் என்னிடம்தான் இருக்கிறது. இயந்திரம் வந்த பிறகு போனவர்கள் நாற்பத்தொரு பேர்.

அவர் தாள்களை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்க சொல்லித்தான் நான் செஞ்சேன்" என்றார். அது உண்மை.

அதன் பிறகு என் அறைக்குப் போய் மாலை நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்குச் சலவை அறைப் பெண்கள் வெளியே போனதும் உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். ஒரு சாவி பெரியக்காவிடமிருந்து வாங்கியது, மற்றது காவலாளியின் பலகையில் மாட்டியிருந்தது. காவலாளி எதற்கு என்று கேட்டார். சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். கதவில் 'பாதுகாப்புப் பிரிவின் உத்தரவுப்படி மூடப்பட்டுள்ளது' என்று எழுதி ஒட்டினேன். அப்படி ஓர் உத்தரவு எந்தக் கோப்பிலும் இல்லை. இரண்டு சாவிகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாரும் உதவவும் இல்லை.

வாசலில் பட்டாசு நின்றிருந்தார். அவரிடம், நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றேன்.

"ஏன் மேடம், தாய்வீட்டுலயே விரட்டி விடறாங்களா?"

"அறை கொஞ்ச நாள் மூடியிருக்கும். விவரம் பிறகு சொல்றேன்."

"அப்ப சரி. கால் நீட்டிப் படுக்கறேன். இவளும் உதைக்கறதுக்கு வசதியா இருக்கும்" என்று வயிற்றைத் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார். வயிற்றில் இருப்பதும் பெண்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டிருந்தார்.

ஏன் அப்போதே காரணத்தைச் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். இரண்டாவது இரத்த முடிவு கையில் வந்த பிறகு, பக்கத்தில் ஒரு மருத்துவரையும் வைத்துக்கொண்டு, ஓர் எண்ணோடு சொல்லலாம் என்று எண்ணினேன். வெறும் பயத்தை ஒருவர் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் எண்ணம். மூத்த பிள்ளையைப் பற்றி அவர் என்னிடம் கேட்டால் என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் காரணம். எது பெரிய காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள், அதாவது நேற்று புதன்கிழமை, நடந்தது பின்வருமாறு.

காலை எட்டு மணிக்கு ஆலைக்குப் போனேன். மேலாளர் என்னைத் தம் அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார். சாவியைக் கேட்டார். கொடுக்க மறுத்தேன். ஒரு மணிக்கு மறுபடி கேட்டார். மறுபடியும் மறுத்தேன். புகார் எழுதப் போவதாகச் சொன்னார். எழுதுங்கள் என்றேன். நான்கு மணி வரை அந்த நாற்காலியிலேயே இருந்ததால் ஆலைக்குள் வேறு என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு வாசலுக்கு வந்தபோது தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் கையில் ஒரு துணிமூட்டையோடு வெளியே போவதைப் பார்த்தேன். காவலாளியிடம் கேட்டேன். "சலவை மூடியிருக்கறதால அவங்கவங்க துணியை அவங்கவங்க வீட்டுலயே துவைச்சுக் கொண்டு வரணும்னு காலையிலேயே நோட்டீஸ் போட்டுட்டாங்களே மேடம். நீங்க பாக்கலையா?" என்றார். தொழிலாளர்கள் தூளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சலவை அறையே கட்டப்பட்டது. பூட்டும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. வாசலில் நின்று, யாரும் கொண்டுபோகாதீர்கள், கீழே வையுங்கள் என்று சொன்னேன். சிலர் நின்றார்கள். ஒருவர், "நாளைக்கு எதைப் போட்டுக்கிட்டு வேலை செய்யறது மேடம்?" என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் அதற்குள் போய்விட்டிருந்தார்கள்.

அதன் பிறகு அலுவலகக் கோப்பில் முகவரி பார்த்துக்கொண்டு பட்டாசின் வீட்டுக்குப் போனேன். ஆலைக்குப் பின்புறம் மூன்றாவது தெருவில், தகரக் கதவு போட்ட ஒற்றை அறை வீடு. முன்னால் சிமெண்ட் பூசிய சிறு முற்றம், ஓரத்தில் குழாய். அப்போது மணி ஐந்தேகால். கதவு திறந்திருந்தது. முற்றத்தில் பட்டாசு ஒரு பக்கமும், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஏறி நின்றுகொண்டு அவருடைய ஆறு வயது மகள் எதிர்ப்பக்கமும், ஒரு கால்சட்டையின் நுனிகளைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் முன்னுச்சி முடி தூள் படிந்து வெளுத்திருந்தது.

"வாங்க மேடம், வாங்க. வீட்டுல சும்மா படுத்திருக்கக் கூச்சமா இருந்துச்சு. நோட்டீஸ் போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டு மதியம் கேட்டாண்ட போய், நம்ம தெருவுல எட்டுப் பேரு நேத்துக் கழட்டினதையும் வாங்கிட்டு வந்துட்டேன். அவங்களுக்கு உதறத் தெரியாது, அப்படியே தண்ணியில போட்டுடுவாங்க. நாளைக்குக் கதவைத் திறந்தீங்கன்னா பாதி வேலை முடிஞ்சிருக்கும் பாருங்க" என்றார்.

நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்து, "குட்டி நல்லா உதறுவா மேடம். மதியத்துக்கு மேல ஸ்கூலுக்குக்கூட அனுப்பல. மத்ததுல எப்படியோ, இதுல ஒரு தடவை காட்டினேன், பிடிச்சுக்கிட்டா" என்றார். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது.

கால்சட்டையை அவர்கள் கையிலிருந்து வாங்கி மூட்டையில் போட்டுக் கட்டினேன். அதன் பிறகு முற்றத்திலேயே நின்று, வெள்ளிக்கிழமை ஆசிரியை வந்ததிலிருந்து மேலே எழுதியிருக்கும் வரிசையிலேயே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். எண்களையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் மகளை வாளியிலிருந்து இறக்கி, குழாயடிக்கு அழைத்துப் போய், முகத்தையும் கையையும் தலையையும் சோப்புப் போட்டுக் கழுவினார். நீண்ட நேரம் கழுவினார். பிள்ளை கண்ணில் சோப்பு பட்டு அழுதது. அப்போதும் நிறுத்தவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பாமல், "நேத்து கேட்டாண்ட வச்சு இதைச் சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

சொல்லியிருக்கலாம் என்றேன்.

முற்றத்தில் இருந்தவை முப்பத்திரண்டு உருப்படிகள். எண்ணிப் பார்த்தேன். அவற்றில் இருபத்தாறு உதறி முடிந்திருந்தன.

இதுவரை எழுதியதைப் பெண் காவலர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். என் வாயிலிருந்து வந்தபடியே இருக்கிறது. அளந்ததை அளந்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், தெரியாததைத் தெரியாததாகவும் சொல்லியிருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதில் உள்ளது உண்மை என்று ஒப்புக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்